குடகனாற்றில் வந்த எருமை

ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு ராசான்னு ஆரம்பிச்சா எல்லாரும் ஊங்கொட்டுவாங்க. நான் ஒரே ஒரு ஊர்ல ரெண்டு ஆறுன்னு ஆரம்பிக்கிறேன். அதுக்கும் நீங்க ஊங்கொட்டணும். கொட்டாட்டியும் பரவால்லீங்க, உங்க பஸ்சுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்குது. அந்தக் கல்லுல வெயில் படாது, அப்படி உட்காருங்க.

நீங்க கேட்டது நல்ல கேள்விங்க. இங்க வர்றவங்க போட்டோ எடுப்பாங்க, காலை நனைப்பாங்க, போயிருவாங்க. "இதுல எது காவேரி, எது அமராவதி"ன்னு கேட்ட மொத ஆளு நீங்கதான். மேற்க இருந்து அகலமா, அவசரமே இல்லாம வருது பாருங்க, அது காவேரி. தெக்க இருந்து மணலுக்கு நடுவுல, வேட்டியை முறுக்கிப் பிழிஞ்சு போட்ட மாதிரி ஒல்லியா வருதே, அது அமராவதி. அந்த நாணல் புதர்கிட்ட ரெண்டும் சேருது. அதுக்குக் கீழ எங்க ஊரு, கூடல்மேடு. கரையோரம் தண்ணிக்குள்ள ஒரு கறுப்பு வெள்ளைக் கம்பம் நிக்குதே, அதுதான் என் பொழப்பு.

பேரு சென்னியப்பன். வேலை, அளவு பார்க்கறது. காலையில ஆறு மணிக்கு ஆரம்பிச்சு சாயங்காலம் ஆறு வரைக்கும், மணிக்கொரு தடவை தண்ணி கம்பத்துல எந்தக் கோட்டுல நிக்குதுன்னு பார்த்து, நோட்டுல எழுதி, ஆபீசுக்குப் போன் பண்ணிச் சொல்லணும். ஆறு வருஷமாப் பார்க்கறேன். ஆறு வருஷமாத் தற்காலிகம். நான் அதிகம் பேசற ஆளு இல்லீங்க. பேசவே மாட்டேன். எங்கம்மாவே சொல்லும், "இவன்கிட்ட ஒரு பேச்சு வாங்கறதுக்குள்ள விடிஞ்சிரும்"னு. சொல்லும் என்ன, சொல்லிட்டு இருந்துச்சு. இப்ப அதுவே எங்கூடப் பேசறதில்லை. பதினெட்டு நாளாச்சு. சோறு போடுது, தட்டை எடுக்குது, காலையில ஏழு மணிக்குக் கம்பெனி வேன்ல ஏறிப் போகுது. மூட்டு வலியோட நாள் பூரா நின்னுக்கிட்டே மெத்தை உறைக்கு நூல் பிசிறு வெட்டற வேலை. கார்த்திகையோட நின்னுட்ட வேலை அது. என்னாலதான் மறுபடியும் போகுதுன்னு ஊரு சொல்லுது. நீங்களே கேட்டுட்டு நியாயத்தைச் சொல்லுங்க.

காவேரின்னா இங்க இருக்கறவங்களுக்கு மேட்டூர்தானுங்க. டிவியில மேட்டூர்ல எத்தனை அடின்னு சொல்வாங்க, அதோட ஆறு முடிஞ்சதுன்னு நெனைப்பு. ஒத்தையா வர்ற ஆறாங்க அது? மேட்டூருக்கு வரும்போதே ஏமாவதியையும் கபினியையும் கூட்டிக்கிட்டுத்தான் வருது. கீழ வந்தா பவானி, அது நீலகிரித் தண்ணி. கொடுமுடியைத் தாண்டினா நொய்யல், வெள்ளியங்கிரித் தண்ணி. அப்புறம் இங்க அமராவதி, ஆனைமலைத் தண்ணி. அந்த அமராவதியும் தனியாளா வரலை. பழனிப் பக்கத்துச் சண்முகநதி அதுல சேருது, நங்காஞ்சி சேருது, கடைசியா கரூருக்குக் கொஞ்சம் மேல குடகனாறு சேருது. திண்டுக்கல் பக்கத்து மலையில இருந்து வர்றது.

அந்தக் குடகனாறுதானுங்க என் வயித்தெரிச்சல்.

குடகனாறுன்னு சொன்னாலே எங்க ஊர்ல சிரிப்பாங்க. அது செத்து முப்பது வருஷம்னு சொல்வாங்க. தண்ணி ஓடி யாரும் பார்த்ததில்லை. தடம் பூரா முள்ளு மண்டிக் கிடக்குது. தண்ணி ஓடலைன்னா ஆறு இல்லைன்னு ஆயிருமா? நீங்க ஒரு மாசம் வீட்டுக்குப் போகலைன்னா உங்க வீடு இல்லைன்னு ஆயிருமா? ஆகாதுல்ல. அதைத்தானுங்க நானும் சொல்றேன்.

போன ஐப்பசி கடைசி வெள்ளிக்கிழமை. மத்தியானம் ரெண்டு மணி. வானம் வெளுத்துக் கெடக்குது, எங்க பக்கம் ஒரு பொட்டு மழை இல்லை. மேட்டூர்ல தொறந்தது நேத்து என்னவோ அதேதான். அமராவதி அணை மூடியிருக்குது. நொய்யல்ல ஒண்ணும் இல்லை. இதெல்லாம் காலையிலயே ஆபீசுல சொல்லிருவாங்க. ரெண்டு மணிக்குக் கம்பத்தைப் பார்க்கறேன், ஒரு அடி ஏறியிருக்குது. மூணு மணிக்குப் பார்த்தா இன்னும் ரெண்டு அடி. ஏறினது பெருசில்லீங்க. நெறம்! அமராவதி வாயில இருந்து செவச் செவன்னு வருது. காவேரித் தண்ணியோட கலக்கவே இல்லை, எங்க கரையை ஒட்டித் தனியா ஒரு செவப்புப் பட்டை மாதிரி ஓடுது. அது பூரா முள்ளுக் கிளை. சீமைக்கருவேல முள்ளு, வேலிக்காத்தான்னு சொல்றோமே, அது காயோட பூவோட சுத்திச் சுத்தி வருது.

நொய்யல் வந்தா நுரையோட வரும். மேட்டூர்த் தண்ணி சுத்தமா வரும். அமராவதி அணைத் தண்ணின்னா தேங்காய் மட்டை மெதக்கும். செம்மண்ணும் வேலி முள்ளும் வந்தா அது ஒரே ஒரு ஆறுதான். ஆபீசுக்குப் போனைப் போட்டேன்.

"சார், குடகனாறு வந்திருக்குது."

"எது?"

"குடகனாறு சார்."

"யோவ், சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் சார்."

"சோத்தைக் கேக்கலய்யா. வேற ஏதாச்சும் சாப்பிட்டியான்னு கேட்டேன். குடகனாத்துல ஏதுய்யா தண்ணி? உள்ளூர் மழைன்னு எழுது."

வெயில்ல நின்னுக்கிட்டு மழைன்னு எப்படிங்க எழுதறது? குடகனாறுன்னுதான் எழுதினேன். மறுநாள் அந்த ஆபீசரே ஜீப்புல வந்து, நோட்டை வாங்கி, அந்த வரியைச் செவப்பு மையில அடிச்சு, பக்கத்துல அவர் கையாலயே 'உள்ளூர் மழை'ன்னு எழுதிட்டுப் போயிட்டாரு. பச்சைப் பொய்யி. என் நோட்டுல.

போன் பேசி முடிச்ச கையோடதான் அது வந்துச்சு. செவப்புத் தண்ணிக்கு நடுவுல கறுப்பா ஒரு தலை. மூக்கை மட்டும் மேல தூக்கிக்கிட்டு, கண்ணைப் பாதி மூடிக்கிட்டு, என்னமோ தூங்கிட்டே வர்ற மாதிரி. எருமை! லாரி டியூப்பை மாட்டிக்கிட்டு விழுந்தேன். கழுத்துக் கயித்தோட முனையில ஒடிஞ்ச முளைக்குச்சி தொங்குது, அதுல முள்ளுக் கிளை பின்னிக் கெடக்குது. எங்கம்மா கரையில நின்னு கூப்பாடு போடுது, "எருமையை விடுறா, நீ கரை ஏறுடா"ன்னு. இழுத்துட்டு வந்து சேத்துல போட்டேன். ஒரு கொம்பு நுனி ஒடைஞ்சிருந்துச்சு, வேற சேதாரம் இல்லை. எங்கம்மா அது வயித்துல கையை வெச்சுச்சு. அப்புறம் காதை வெச்சுச்சு. அப்புறம் என்னைப் பார்த்துச்சு.

"சென்னி, இது சினைடா. அஞ்சு மாசம் இருக்கும். பங்குனியில கன்னு போட்டுரும்."

அன்னைக்கே எங்கம்மா அதுக்கு மகராசின்னு பேர் வெச்சிருச்சு. பத்து நாள்ல வேன்காரனை வரவேண்டாம்னு சொல்லிருச்சு. பங்குனி வந்தா பாலு, சொசைட்டிக்கு ஊத்திட்டு வீட்டோட இருக்கலாம்னு கணக்கு. மூட்டுக்கு வெச்சுக் கட்டற தைலத்தை எருமை கொம்புக்குத் தேய்ச்சு விட்டுச்சுன்னா பார்த்துக்குங்க.

இதுல எங்க கரை வழக்கத்தை உங்களுக்குச் சொல்லணும். ஆத்துல வந்த பொருள் எடுத்தவனுக்குத்தான். மரமோ, பரிசலோ, மாடோ. ஆனா பொருளுக்கு ஒடையக்காரன் தேடிட்டு வந்தான்னா ஊர் கூடும். அவன் அடையாளம் சொன்னாச் செல்லாது. எருமை கறுப்பா இருக்கும்னு எவன் வேணாச் சொல்லலாம்ல? அவன் வழி சொல்லணும். அவன் வீட்டுக்கிட்ட இருக்கிற தண்ணி எந்த ஓடையில எறங்கி, எந்த ஆத்துல சேர்ந்து, எப்படி எங்க கரைக்கு வந்துச்சுன்னு விட்டுப்போகாம சொல்லணும். சொல்லிட்டா, வாயைத் தொறக்காம கயித்தை அவன் கையில குடுத்துரணும். சொல்ல முடியலைன்னா அவன் வந்த மாதிரியே போகணும். எத்தனை தலைமுறை வழக்கமோ தெரியாது. நல்ல வழக்கம்தானுங்க. ஆறு தெரிஞ்சவனுக்கு மதிப்புக் குடுக்கற வழக்கம்.

கார்த்திகையில ஒருத்தர் புல்லட்டுல வந்தாரு. கூலிங் கிளாசு. எருமை தொலைச்சவர் மூஞ்சியில ஒரு வாட்டமாவது இருக்கணுமா இல்லையா? எங்க ஊர்ல நாலு பேர் கூடினா நடுவுல உட்கார்றவரு அர்த்தனாரி மாமா. அவரு கேட்டாரு, "வழி சொல்லுங்க தம்பி." அந்தாளு கடகடன்னு ஒப்பிச்சாரு. "வெள்ளியங்கிரி மலையில உற்பத்தியாகி, பேரூரைத் தொட்டு, திருப்பூர் வழியா வந்து, நொய்யல்ங்கிற ஊர்ல காவேரியில கலந்து, புகளூரைத் தாண்டி இங்க வந்துச்சுங்க." உற்பத்தியாகியாம்! புஸ்தகத்துல படிச்சுட்டு வந்திருக்கறாரு. ஊரே மலைச்சுப் போச்சு. எங்கம்மா என் கையைப் புடிச்சுக்கிச்சு.

நான் மெதுவாத்தான் கேட்டேன். "எந்தக் கிழமைங்க விழுந்துச்சு?"

"ஐப்பசி கடைசி வெள்ளி." டீக்கடையில விசாரிச்சுட்டுத்தான் வந்திருக்கறாரு.

"அன்னைக்கு நொய்யல்ல தண்ணியே இல்லீங்களே. எருமை நடந்து வந்துச்சுங்களா?"

அவ்வளவுதான். ஊரே சிரிச்சது. நோட்டைக் கொண்டுவந்து காட்டினேன். கயித்துல இருந்த செம்மண்ணைக் காட்டினேன், சிக்கியிருந்த முள்ளைக் காட்டினேன். புல்லட்டு வந்த வழியே போயிருச்சு. அர்த்தனாரி மாமா என் தோளைத் தட்டி, "சென்னி இருக்கற வரைக்கும் நம்ம கரையில பொய் ஏறாது"ன்னாரு. டீக்கடைக்காரரு அன்னைக்கு டீயும் குடுத்து வடையும் குடுத்தாரு. குடுத்துட்டு, "அப்ப எதுலதான்டா வந்துச்சு?"ன்னாரு.

"குடகனாத்துலதானுங்க."

"குடகனாறா? அதுக்குக் காரியம் பண்ணி எள்ளுத்தண்ணி எறைச்சு முப்பது வருஷமாச்சேடா!"

கடையே உருண்டு பொரண்டு சிரிக்குது. நொய்யலைப் பத்திச் சொன்னா நம்புவாங்க, குடகனாத்தைச் சொன்னாச் சிரிப்பாங்க. ரெண்டையும் சொல்றது ஒரே வாய்தானே? வீட்டுக்கு வந்தா எங்கம்மா வேற. "எந்த ஆத்துல வந்தா உனக்கென்னடா? வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு. யாரு காதுலயாச்சும் விழுந்து தொலைக்கும்." நான் சும்மாத்தான் இருந்தேன். மார்கழி வரைக்கும் சும்மாத்தான் இருந்தேனுங்க.

மார்கழி இருபதுக்கு மேல இருக்கும். பதினோரு மணிப் பஸ்சுல ஒரு அம்மா வந்து எறங்குச்சு. நாப்பது வயசு இருக்கும். கையில ஒயர் கூடை, ஒரு செருப்புல வார் அந்து ஊக்கு மாட்டியிருந்துச்சு. யாரையும் எதையும் கேக்கலை. எங்க சந்து முனையில நின்னுக்கிட்டு, "ஏ கெடேரீ... எக்கோவ்"னு ஒரு சத்தம் குடுத்துச்சு. எங்க வீட்டுக் கொட்டாயில படுத்திருந்த எருமை எந்திரிச்சிருச்சு. முளையைப் புடுங்கிட்டு வர்ற மாதிரி இழுக்குது. எருமை எந்திரிக்கறதெல்லாம் சாட்சி ஆகாதுங்க. புண்ணாக்குச் சத்தம் கேட்டாலும் எந்திரிக்கும். எங்கம்மாவும் அதைத்தான் சொல்லுச்சு, ஆனா மூஞ்சி வெளுத்துப் போச்சு.

ஊர் கூடிருச்சு. எங்க வீட்டு வாசல்லயே. அர்த்தனாரி மாமா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாரு.

"எந்த ஊரு தாயி? பேரென்ன?"

"பொம்மாயிங்க. அரவக்குறிச்சிக்குத் தெக்க, வெள்ளைப்பாறைப் புதூருங்க. சந்தையில ஒரு வியாபாரி சொன்னாரு, கூடல்மேட்டுல ஆத்துல வந்த எருமை ஒண்ணு நிக்குதுன்னு. நம்ம எருமை எப்படி அங்க போவும்னு வீட்டுல சிரிச்சாங்க. மனசு கேக்கலைங்க. பார்த்துட்டாவது வரலாம்னு வந்தேன்."

"மாடு உன்னுதாவே இருக்கட்டும். வழி சொல்லு."

"வழிங்களா? எங்க ஊர்ல இருந்து மினி பஸ்சுல அரவக்குறிச்சி. அங்க கரூர் பஸ்சு ஏறி..."

சிரிப்புத்தான். "நீ வந்த வழி இல்ல தாயி. தண்ணி வந்த வழி."

வழக்கத்தை எடுத்துச் சொன்னாங்க. அந்தம்மா புரிஞ்சுக்கிட்டு வெரலை மடக்கிச் சொல்ல ஆரம்பிச்சுச்சு. "எங்க காட்டுக்கு அடியில ஓடைங்க. ஐப்பசி கடைசி வெள்ளிக்கிழமை காலையில திடுதிப்புன்னு தண்ணி. முளைக்குச்சியோட அடிச்சிட்டுப் போயிருச்சு. ஓடை குடகனாத்துல விழுகும். குடகனாறு..." அங்க நின்னுருச்சு.

குடகனாறுன்ன உடனே டீக்கடைக்காரரு என்னைப் பார்க்கறாரு. நான் நேராப் பார்க்கறேன்.

"குடகனாறு எங்க போகுது தாயி?"

"எங்கயும் போகாதுங்க. எங்க ஊருக்குக் கீழ ஒரு எட்டு மைலு போனா வேலிக்காத்தான் காடு. அதுக்குள்ள போயி மணல்ல முடிஞ்சிருமுங்க. அந்தக் காடு பூராத் தேடிட்டேன். இருவது நாளாத் தேடினேன்." கையை நீட்டுச்சு. முழங்கை வரைக்கும் முள்ளுக் கீறலு, ஆறினதும் ஆறாததுமா.

"அப்ப காவேரிக்கு வராது?"

"வராதுங்க. அது எப்படிங்க வரும்? ஆனா எருமை எங்களுதுதாங்க."

ஊரே தலையாட்டுது. அது எப்படி வரும்? அதானே, எப்படி வரும்? செத்த ஆறு எப்படி வரும்? பெரியவங்க, சின்னவங்க, எங்கம்மா, டீக்கடைக்காரரு, எல்லாரும் ஒரே பக்கம். என்னோட பக்கம்! அத்தனை பேரும் பொய்யான ஒண்ணுக்குத் தலையாட்டறாங்க, அது எனக்குச் சாதகம். எனக்குக் காது சூடாகுது. எங்கம்மா ஒரு பார்வை பார்த்துச்சு. வார்த்தையே வேண்டாங்க அதுக்கு. நானும் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். சும்மாத்தான் நின்னேன். நெசமாலுமே சும்மா நின்னேனுங்க.

"வழி சொல்ல முடியலைல்ல? அப்பப் பேச்சில்லை தாயி"ன்னு அர்த்தனாரி மாமா எந்திரிச்சிட்டாரு.

அந்தம்மா அழுகலை, சண்டை போடலை. சண்டை போட்டிருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும். எருமைகிட்டப் போயி, காதுக்குள்ள இருந்து ஒரு உண்ணியைப் புடுங்கிச் செருப்புல தேய்ச்சுச்சு. எங்கம்மாகிட்டத் திரும்பி, "பங்குனியில ஈனுமுங்கக்கா. தலைச்சன் கன்னு. மொத நாள் காலால ஒதைக்கும், கையை மடியிலயே வெச்சிட்டுக் கொஞ்ச நேரம் பேசிட்டு இருங்க, அப்புறம் சொரப்பு விடும்"னுச்சு.  அந்தம்மா கூடையை எடுத்துக்கிட்டு நடந்துச்சு. ஒரு எட்டு. ரெண்டு எட்டு. மூணு எட்டு.

பாவம் பார்த்துச் சொன்னேன்னு நீங்களும் நெனைக்காதீங்க. ஊர்ல பாதிப்பேரு அப்படித்தான் பேசிட்டிருக்கறாங்க. பாவமெல்லாம் இல்லீங்க. ஒரு மனுசி குடகனாறு மணல்ல முடிஞ்சிருதுன்னு நெனைச்சுக்கிட்டே ஊருக்குப் போறாளே, போயி எல்லார்கிட்டயும் சொல்வாளே, கூடல்மேட்டுலயும் அதைத்தான் சொன்னாங்கன்னு சொல்வாளே! அளவு பார்க்கறவன் ஒருத்தன் இங்க நின்னுக்கிட்டு இருக்கேன், அதை எப்படிங்க விடறது?

"நில்லுங்க"ன்னேன்.

எங்கம்மா கண்ணை மூடிக்கிச்சு.

"குடகனாறு எங்கயும் முடியறதில்லீங்க. அந்த வேலிக்காட்டுக்குள்ள பூந்து அந்தப் பக்கம் வெளிய வருது. மணல் மூடியிருக்குது, அவ்வளவுதான், தடம் அப்படியேதான் இருக்குது. அங்கிருந்து வடக்க வந்து அமராவதியில சேருது. அமராவதி கரூரைத் தாண்டி அந்த நாணல்கிட்டக் காவேரியில சேருது. உங்க ஓடையில தண்ணி வந்தது எத்தனை மணிக்குங்க?"

"ஏழு, ஏழரை இருக்கும்."

"இங்க ரெண்டு மணி. ஆறரை மணி நேரம். சரியா வருது!"

சொல்லும்போது எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சுங்க. சரியா வருது! செவப்பு மையில அடிச்ச வரி. அந்த வரியே நாலு காலோட என் கொட்டாயில நின்னு அசை போட்டுட்டு இருக்குது. குடகனாறு வந்துச்சுங்கறதுக்கு இதைவிட என்னங்க சாட்சி வேணும்? போன வாரம் ஆபீசுக்குப் போன் பண்ணி அதைத்தான் சொன்னேன். "சார், சாட்சி கெடைச்சிருச்சு." "யாருய்யா சாட்சி?" "எருமை சார்." போனை வெச்சிட்டாரு. அந்த வரி இன்னும் உள்ளூர் மழையாத்தான் இருக்குது. அதை விடுங்க.

அன்னைக்கு வாசலுக்கு வாங்க. அர்த்தனாரி மாமா என்னையும் எங்கம்மாவையும் மாத்தி மாத்திப் பார்த்தாரு. நல்ல மனுசன். தொண்டையைச் செருமிக்கிட்டு, "வழியைச் சொன்னது நீயிடா சென்னி. வழக்கப்படி ஒடையக்காரிதானே சொல்லணும்? நீ சொன்னது கணக்குல சேராது"ன்னாரு. எங்கம்மா கண்ணைத் தொறந்துச்சு. நானும் விட்டுட்டேன். மாமா சொன்னா சரிதானேன்னு விட்டுட்டேனுங்க.

அந்தம்மா கூடையைக் கீழ வெச்சுச்சு. பள்ளிக்கூடத்துப் புள்ளை மாதிரி கையைக் கட்டிக்கிட்டு, "நானே சொல்றேனுங்க. எங்க ஓடை குடகனாத்துல விழுந்து, குடகனாறு வேலிக்காட்டைத் தாண்டி, காவேரியில சேர்ந்து..."

"அமராவதியில"ன்னேன்.

"ஆமாங்க, அமராவதியில சேர்ந்து, அமராவதி அரவக்குறிச்சியைத் தாண்டி..."

"கரூரை. கரூரைத் தாண்டி."

"கரூரைத் தாண்டி, நாணல்கிட்டக் காவேரியில சேர்ந்து, இங்க வந்துச்சுங்க."

"சரி"ன்னேன்.

நான் சொல்லிக் குடுத்தேன்னு ஊரு சொல்லுதுங்க. சொல்லிக் குடுக்கலை. தப்பாச் சொல்லுச்சு, திருத்தினேன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குதா இல்லையா? டீக்கடைக்காரருகிட்டக் கேட்டா, "ஒரு வித்தியாசமும் இல்லடா, ஒரே ஒரு எருமைதான்டா வித்தியாசம்"ங்கறாரு.

அர்த்தனாரி மாமா, "கயித்தைக் குடுத்துருங்க"ன்னாரு. எங்கம்மாதான் அவுத்துச்சு. முடிச்சு இறுகிக் கெடந்துச்சு, பல்லால கடிச்சு அவுத்துக் குடுத்துட்டு வீட்டுக்குள்ள போயிருச்சு. கதவைச் சாத்தலை. அடிச்சுச் சாத்தியிருந்தாக்கூடத் தேவலை. ஊரும் ஒவ்வொருத்தராக் கலைஞ்சிருச்சு. டீக்கடைக்காரரு போறப்ப, "ஆறு வந்துச்சுடா, நம்பறேன். போதுமா?"ன்னு கேட்டுட்டுப் போனாரு. அவரு கேட்டதுல நம்பின மாதிரி ஒண்ணும் தெரியலீங்க.

வாசல்ல நானும் அந்தம்மாவும் எருமையும்.

"டெம்போ ஏதாச்சும் சொல்லட்டுங்களா?"ன்னேன்.

"சினை மாடுங்க, வண்டியில ஏத்தினாக் குலுங்கும். நடத்தியே கூட்டிட்டுப் போறேன். ரெண்டு நாள் ஆனா ஆகட்டும்." அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டுச்சு. "ஏனுங் தம்பி, நீங்க சொன்னீங்களே, தண்ணி வந்த வழி. அதே வழியில திரும்ப நடந்தா எங்க ஊரு வந்துருமுங்களா?"

இந்த வேலையில சேர்ந்த ஆறு வருஷத்துல என்னை அப்படி ஒரு கேள்வி யாரும் கேட்டதில்லீங்க.

"வந்துருமுங்க."

"ஆத்துக்கு ஆறு மாறுதே, வழி தப்பிட்டா?"

"தப்பாதுங்க. ஆத்தை எப்பவும் சோத்துக்கைப் பக்கமே வெச்சுக்குங்க. எங்கயும் தாண்டாதீங்க. இங்க கொஞ்ச தூரம் காவேரி. நாணல்கிட்டத் திரும்பினா அமராவதி. கரூரைத் தாண்டி மணலாத் திரும்பினாக் குடகனாறு. அதுல தண்ணி இருக்காது, ஆனாலும் அதுதான். வேலிக்காட்டைச் சுத்திக்கிட்டு மேல போனா உங்க ஓடை. எல்லாமே சோத்துக்கைப் பக்கந்தானுங்க."

"எல்லாமே சோத்துக்கைப் பக்கம்"னு அந்தம்மா ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கிச்சு. இந்தத் தடவை திருத்தறதுக்கு ஒண்ணும் இல்லை. கயித்தை எடக்கைக்கு மாத்திக்கிச்சு. எருமை முன்னங்காலை எடுத்து வெக்க ஒரு நிமிசம் யோசிச்சுது, அப்புறம் நடந்துருச்சு.

நான் இந்தக் கம்பத்துக்கிட்ட வந்து நின்னு பார்த்தேன். பன்னெண்டு மணி அளவு எடுக்கற நேரம், அதனாலதான் வந்தேன். கரையோரமா மெதுவாப் போறாங்க ரெண்டு பேரும். நாணல்கிட்டத் திரும்பற எடத்துல அந்தம்மா நின்னுச்சு. சோத்துக்கையை ஒரு தடவை தூக்கிப் பார்த்துச்சு. அப்புறம் ஆறு அந்தப் பக்கம் இருக்குதான்னு பார்த்துச்சு. இருந்துச்சு. அமராவதிப் பக்கம் திரும்பி நடந்துச்சு. அதுக்கப்புறம் இங்கிருந்து ஆளு தெரியலீங்க.